சவுக்கா, பனையா, பிளாஸ்ரிக்கா? வாடை மழைக்குத் தாங்கும் பேய் வளையம்

ஒக்டோபர் 31 இரவு, பேய்த் திருவிழாவான ஹலோவீனுக்குத் தொங்கவிடும் அலங்கார வளையம் நத்தாரையும் தாண்டி ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாள்வரை வாசலில் நிற்கவேண்டுமானால் 67 நாள் தாங்கவேண்டும். திருகோணமலையில் அந்த 67 நாளும் வாடைக்காற்று, மழை, உப்புச் சாரல். குளிர்நாட்டுச் செய்முறையை அப்படியே எடுத்தால் நவம்பர் நடுவிலேயே இலை உதிர்ந்து, கம்பி துருப்பிடித்து, பஞ்சால் செய்த சிலந்திவலை நனைந்த கோழி மாதிரித் தொங்கும். மண்டையோட்டையும் வௌவாலையும் பிறகு பார்க்கலாம். முதலில் முடிவெடுக்கவேண்டியது அடிவளையம். இங்கே கைக்கெட்டும் தூரத்தில் மூன்று இருக்கின்றன: கடற்கரைச் சவுக்கு, பனை, கடையில் விற்கும் பிளாஸ்ரிக்.

ஒப்பிடுவதற்கு மூன்றுக்கும் ஒரே அளவு: 35 செ.மீ. விட்டம். பிளாஸ்ரிக் வளையம் கம்பியோடு வரும். மற்ற இரண்டுக்கும் 3 மி.மீ. தடிப்பில் துருப்பிடிக்காத பூச்சுள்ள கம்பி 120 செ.மீ. வேண்டும், 110 வளையத்துக்கு, மிச்சம் 10 ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டுவதற்கு.

சவுக்கு: பத்து நாள் அழகு

பார்த்தவுடன் நத்தார் என்று சொல்ல வைப்பது சவுக்குத்தான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் காற்றுக்கு ஒடிந்து விழும் கொப்புகளே போதும், மரத்தில் கைவைக்கத் தேவையில்லை. 15 செ.மீ. நுனிகள் நாலைந்தைச் சேர்த்து ஒரு கட்டு. வெளிப்பக்கம் 22 கட்டு, உட்பக்கம் 22 கட்டு, எல்லாம் ஒரே திசையில், 5 செ.மீ.க்கு ஒன்று. ஒவ்வொரு கட்டும் முந்தினதன் காம்பை மறைக்கவேண்டும். கட்டுக்கம்பியை இடையில் வெட்டாமல் ஒரே சுருளாகச் சுற்றிக்கொண்டு போனால்தான் இறுக்கம் நிற்கும்.

சிக்கல் மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. சவுக்கில் நாம் இலை என்று நினைப்பது கணுக்கணுவான மெல்லிய கிளை. காய்ந்ததும் ஒவ்வொரு கணுவிலும் ஒடியும். காம்பும் சுருங்குவதால் முதல்நாள் இறுக்கிக் கட்டியது மூன்றாம் நாள் ஆடும். மூன்றாம் நாள் மறுபடி இறுக்கினால் பத்து நாள்வரை மரியாதையாக இருக்கும். அதற்குப் பிறகு பழுப்பு நிறம், கதவடியில் தினமும் குப்பை. காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றும், ஆகையால் மெழுகுதிரி வைக்கும் வாசலுக்கு அது கூடவே கூடாது. நகருக்குள் திரியும் புள்ளிமான்களையும் மறக்காமல், கேற்றில் கட்டுவதானால் அவற்றுக்கு எட்டாத உயரத்தில் கட்டுவது நல்லது.

பனை: பேய்க்கென்றே வளர்ந்த மரம்

பிளாஸ்ரிக் மண்டையோடு வாங்கக் காசு செலவழிப்பதற்கு முன் ஒரு பனையடிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். காய்ந்து விழுந்த ஆண்பனைப் பாளை, பெருவிரல் தடிப்பில், கருப்பும் பழுப்புமாக, செதில் செதிலாகக் கிடக்கும். நாலைந்தை அருகருகே வைத்தால் மண்ணுக்குள்ளிருந்து நீளும் விரல்கள்தான். சதையை உரித்தெடுத்த பனங்கொட்டையைக் கழுவிப் பழைய பல்பிரஷ்ஷால் தும்பை ஒரு பக்கமாகச் சீவினால், தலைமயிர் வாரிய சின்னத் தலை. கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பொட்டு, வாய்க்கு ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவே வேண்டும். இதைவிடப் பயமான முகத்தை எந்தக் கடையும் விற்பதில்லை.

அடிவளையத்துக்குத் தென்னை ஈர்க்கு 60. ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, ஈரத்தோடேயே கம்பியைச் சுற்றி, ஒன்றின் நுனிமேல் மற்றதன் அடி வரும்படி வளைத்துக் கட்டவேண்டும். ஊறாத ஈர்க்கு வளைக்கும்போதே முறியும். நுனிகளை 5 முதல் 8 செ.மீ. வெளியே நீட்டிவிட்டால் முட்புதர் தோற்றம் தானாக வரும். நீட்டிய நுனி குழந்தைகளின் கண்மட்டத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாளை 9 போதும். வளையம் முழுக்க நிரப்பாமல் கீழ் இடப்பக்கம் மூன்றிலொரு பங்கில் மட்டும் விசிறியாக வைக்கலாம். காய்ந்த பாளையை வளைக்க முயன்றால் வெடிக்கும், நேராகவே விடுங்கள். பனங்கொட்டை மூன்றுக்கு மேல் வேண்டாம், பாரம் தாங்காது. அவற்றைக் குளூவால் ஒட்டினால் மழையில் விழும். ஈரமான தும்பில் குளூ பிடிக்காது. தும்புக்குள் கம்பியை நுழைத்துக் கட்டுவதே வழி.

பனையின் எதிரி பூஞ்சணம். ஈரலிப்பில் பாளையின் வெட்டுவாயால் தண்ணீர் ஏறி, இரண்டு கிழமையில் வெள்ளை படரும். வார்னிஷ் இரண்டு கை, வெட்டுவாயையும் சேர்த்து அடிக்கவேண்டும். மழைநாளில் அடித்த வார்னிஷ் பால் நிறமாகி மங்கும். எனவே இந்த வேலைக்கு உரிய மாதம் செப்ரெம்பர்: கச்சான் (தென்மேற்குக் காற்று) வெயிலில் பாளை மூன்று நாளில் மொறுமொறுவென்று காயும், பனம்பழக் காலத்துக் கொட்டையும் கையில் இருக்கும். காயவைக்குமுன் பாளையை நிலத்தில் தட்டி உள்ளே இருக்கும் பூச்சிகளை உதிர்த்துவிடவேண்டும்.

பிளாஸ்ரிக்

மழைக்கு அசையாது, உண்மைதான். ஆனால் நத்தார்ச் சாமான்கள் கடைக்கு வரும்போது ஹலோவீன் போய்விடும், முந்திய ஆண்டு வாங்கி வைத்தது இருந்தால்தான் உண்டு. கறுப்பு ஸ்ப்ரே அடிப்பவர்கள் தடிப்பாக அடித்து இலைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறார்கள். இலை வளையும்போது பெயின்ற் செதிலாக உரியும். சவர்க்காரத்தால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, 30 செ.மீ. தள்ளி நின்று, நுனிகளில் மட்டும் மெல்லிசாக அடிப்பதே சரி. கூரையில்லாத கேற்றுக்கு இதுதான் பொருத்தம். தாழ்வாரம் உள்ள வீட்டுக்குப் பனை.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாகவேண்டும். நம் ஊரில் வாசலில் வளையம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மலர்வளையம், அதாவது செத்தவீடு. முழுக்கக் கறுத்த வளையமும் அடியில் கறுப்பு ரிபனும் இருந்தால் தெருவால் போகிறவர் துக்கம் விசாரிக்க உள்ளே வந்துவிடுவார். குருத்தோலைத் தோரணத்திலேயே மங்கலத்துக்கு ஒரு மடிப்பு, அமங்கலத்துக்கு வேறு மடிப்பு என்று பார்க்கிறவர்கள் நாம். ஆகவே வெள்ளைப் பூ வேண்டாம், நடுக்கீழே முடிச்சு வேண்டாம். கறுப்பு மூன்றிலொரு பங்கைத் தாண்டாமல், செம்மஞ்சள் அல்லது ஊதா ரிபனைப் பக்கவாட்டில் கட்டுங்கள். நவம்பர் 2 மரித்தோர் நினைவுநாள். கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுபோகும் அயலவர் கண்ணில் மண்டையோடு படுவது அழகில்லை. கொட்டைத் தலைகளை நவம்பர் 1 காலையிலேயே கழற்றிவிடலாம், கம்பியில் கட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை.

வலைக்கு எது?

கடைப் பஞ்சு வலை இந்த மழைக்கு ஒருநாள் தாங்காது. தளர்வாகத் தொங்குவதில் பல்லியும் குருவியும் சிக்கும். பாமசியில் வாங்கும் கோஸ் துணியைக் கிழித்துச் சாயத்தேநீரில் தோய்த்தால் நல்ல பழைய நிறம் வரும், ஆனால் தாழ்வாரத்துக்குள் மட்டும். தென்னம் பன்னாடை இதைவிட மேல்: தண்ணீரில் நனைத்து மூலைவாட்டில் இழுத்தால் பின்னல் விரிந்து, கல்லறையில் கிடந்த துணிபோல் ஆகும். உறுதியில் முதலிடம் கரையில் கிடக்கும் பழைய நைலோன் வலைத் துண்டுக்கு. அதை நல்ல தண்ணீரில் இரண்டுதரம் ஊறவைத்து அலசாமல் கட்டக்கூடாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் வலை எந்நேரமும் பிசுபிசுத்து, கட்டுக்கம்பியும் துருப்பிடிக்கும். வலையை மேளத்தோல் மாதிரி இறுக்கிக் கட்டினால் உயிர்கள் சிக்காது. கரையில் வலை பொறுக்கலாம், முருகைக்கல்லை விட்டுவிடுங்கள். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்துவரக்கூடாது.

நத்தாருக்கும் இந்த வலையைக் கழற்றவேண்டியதில்லை. உக்ரேனில் நத்தார் மரத்தில் சிலந்திவலை தொங்கவிடுவது பழைய வழக்கம்: ஏழை வீட்டு மரத்தில் சிலந்தி பின்னிய வலை விடியும்போது வெள்ளியாய் மாறியதென்று ஒரு கதை. அதே வலையில் நவம்பர் கடைசியில் வெள்ளி நிறத்தை மெல்லிசாக அடித்தால் பேய்வலை நத்தார் வலையாகிவிடும்.

வௌவாலுக்குப் பிரிஸ்டல் போட் அட்டை ஈரத்தில் சுருளும். பழைய எக்ஸ்ரே தாள் சுருளாது, வெளிச்சம் பட்டால் புகைபோல் தெரியும். 10 செ.மீ. அகலத்தில் 5 வெட்டி, வலக்கீழிலிருந்து மேலே பறப்பதுபோல் வைக்கலாம். பெயர் அச்சான மூலையை முதலில் வெட்டி எறிந்துவிடுங்கள்.

வெளிச்சத்தில்தான் பெரிய வித்தை. ஊதா எல்.ஈ.டி. சரத்தின்கீழ் பச்சை இலை கறுப்பாகத் தெரியும். அந்த ஒளியில் பச்சை இலை திருப்பி அனுப்பக்கூடிய நிறம் மிகக் குறைவு. மஞ்சள் கலந்த வெள்ளைச் சரத்தை மாற்றினால் அதே இலை மறுபடி பச்சை. எனவே பிளாஸ்ரிக் வளையத்துக்குக்கூடப் பெயின்ற் பெரும்பாலும் வேண்டியதில்லை. உப்புக்காற்றில் பற்றரிப் பெட்டியின் சுருள்கம்பி பச்சை பூக்கும். முனைகளில் வசலின் தடவி, பெட்டியைச் சின்னப் பையில் வாய் கீழ்நோக்க வையுங்கள்.

மொத்தத்தில் பனைதான் என் தெரிவு, முழுக்க அல்ல. நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் தொடக்கத்தில், நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கும்போது பாளைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் சவுக்கும், டிசம்பர் 23இல் மறுபடி புதுச் சவுக்கும் செருகினால் அந்த மரத்தின் பத்து நாளும் வீணாகாது. ஈர்க்கு வளையத்தில் செருகுவதற்குக் கம்பியும் தேவையில்லை.

தொங்கவிடும்போது மேலே ஓர் ஆணியோடு நிறுத்தாமல், கீழே இரு பக்கமும் கட்டவேண்டும். வாடைக்கு ஆடும் வளையம் கதவில் மோதி மோதி முதலில் பாளைதான் உடையும். ஜனவரியில் கழற்றியதும் பொலித்தீனில் சுற்றவேண்டாம், உள்ளே ஈரம் அடைபடும். பழைய பருத்திச் சீலையில் சுற்றி, அடுப்படியில் உயரத்தில் தொங்கவிட்டால் அடுத்த ஒக்டோபருக்கு ஒரு கை வார்னிஷோடு தயாராகிவிடும்.