மெலனா, எக்கிள்ஸா? பெருமந்தத்தின் இரண்டு வங்கியாளர்கள்

1930-களின் அமெரிக்கப் பெருமந்தம் என்றதும் எல்லாரும் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கொள்கையைத் தீர்மானித்த இடத்தில் சில வருட இடைவெளியில் உட்கார்ந்த இரண்டு வங்கிக்காரர்கள், ஒரே தொழிலிலிருந்து வந்தும் நேர் எதிராக யோசித்தது.

ஆண்ட்ரூ மெலன் பிட்ஸ்பர்க்கின் பெரும்புள்ளி. 1921 முதல் 1932 வரை நிதியமைச்சர், அந்தப் பதவியின் பேரிலேயே அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வாரியத்துக்கும் தலைவர். அழுகியதெல்லாம் உதிரட்டும், விலையும் கூலியும் விழுந்து தரை தட்டினால் பொருளாதாரம் தானே தேறும் என்பது அவர் வாதம் என்று ஜனாதிபதி ஹூவர் பின்னாளில் எழுதினார். 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடின. உழைக்கத் தயாராக இருந்தவர்களில் கால்வாசிப் பேருக்கு வேலை இல்லை.

மாரினர் எக்கிள்ஸ் யூட்டாக்காரர், கல்லூரிப் பட்டம் கிடையாது. 1931-இல் ஆக்டன் நகரில் இருந்த அவர் வங்கியில் பணத்தை எடுக்கக் கூட்டம் முண்டியடித்தபோது, சில்லறை நோட்டாக எண்ணி, கையெழுத்தை நிதானமாகச் சரிபார்த்து, முடிந்தவரை மெதுவாகக் கொடுங்கள் என்று ஊழியர்களிடம் சொன்னார். சால்ட் லேக் சிட்டியிலிருந்து பணவண்டி வந்ததும் கவுன்டர் மேல் ஏறி நின்று, பணம் தாராளமாக இருக்கிறது என்று அறிவித்தார். வங்கி தப்பியது. ஆனால் அதைக் காப்பாற்றக் கடன் வாங்கியவர்களை நெருக்கி வசூலித்ததும் அவர்தான். ஒவ்வொரு வங்கியும் இப்படித் தன்னைக் காத்துக்கொள்ளப் போய், அடமானச் சொத்தின் விலை சரிந்து எல்லாருமே மூழ்குகிறார்கள் என்பதை அங்கேதான் புரிந்துகொண்டார். மெலனிடம் நான் காணாதது இதைத்தான். தனி வங்கிக்குச் சரியான கணக்கு நாட்டுக்குச் சரிவராது. 1933 பிப்ரவரியில் செனட் குழு முன் போய், பட்ஜெட்டில் துண்டு விழுந்தாலும் அரசு செலவழிக்க வேண்டும் என்றார், இதையே வாதிட்ட பொருளாதார அறிஞர் கெய்ன்ஸின் புகழ்பெற்ற நூல் வர இன்னும் மூன்று வருடம் இருக்கும்போதே.

அப்புறம் 1934-இல் அவரே ஃபெடரல் ரிசர்வ் வாரியத்தின் கவர்னர், அதாவது நிர்வாகத் தலைவர், ஆனார். 1935 வங்கிச் சட்டத்தில் அவர் கை பெரிது: கடன்பத்திரங்களை வாங்கி விற்கும் அதிகாரத்தில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பிடி தளர்ந்து வாஷிங்டன் வாரியத்தின் கை ஓங்கியது, மெலன் வகித்த அந்த நிதியமைச்சர் நாற்காலியும் வாரியத்திலிருந்து எடுக்கப்பட்டது.

எக்கிள்ஸும் சறுக்கினார். 1936, 1937-இல் வங்கிகளின் கட்டாய இருப்பு விகிதத்தை, அதாவது டெபாசிட்டில் கடன் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டிய பங்கை, மூன்று தவணையில் இரட்டிப்பாக்கினார்கள், அரசும் செலவைச் சுருக்கியது, மறுபடி மந்தம். எது எவ்வளவு காரணம் என்று இன்றும் வாதம் உண்டு, அவரை நான் முழுதாக விடுவிக்க மாட்டேன். ஆனாலும் என் ஓட்டு எக்கிள்ஸுக்கே. 1938 ஏப்ரலில் அந்த விகிதம் குறைக்கப்பட்டது, அவர் வலியுறுத்தியபடி ரூஸ்வெல்ட்டும் மீண்டும் செலவழிக்கத் தொடங்கினார்.