73,400 ரூபாய் போச்சு: கேம் ஸ்டுடியோவைக் கம்பெனியாகப் பதிவு செய்யப் போகும் மாணவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

நேற்று சாயங்காலம் வந்த வாட்ஸ்அப் இது: "உங்க 73,400 ரூபா எங்கயும் போகலைங்க, எங்க வாலட்ல கிரெடிட்டா இருக்கும். டிரேட்மார்க், ஜிஎஸ்டி, எதுக்கு வேணும்னாலும் யூஸ் பண்ணிக்கலாம்." பணத்தைத் திருப்பிக் கேட்டு நாலு மாதம் அலைந்ததற்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். ஆத்திரம் அடங்கும் முன் எழுதுகிறோம், நடை முன்னே பின்னே இருக்கும். கடைசியில் முழு செக்லிஸ்ட் தருகிறோம்.

ஆள் யார் என்று கேட்காதீர்கள். ஆன்லைனில் கம்பெனி பதிவு, லைசென்ஸ், கிராண்ட் எல்லாம் "ஒரே குடையின் கீழ்" செய்து தருவதாகச் சொல்லும் ரகத்தில் ஒரு தளம். கோவையில் கிளை ஆஃபீஸ் உண்டு. நாங்கள் இறுதியாண்டு மாணவர்கள் நாலு பேர், கோடோ எஞ்சின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ஒரு சின்ன 2டி கேம். அதற்கு மேல் எங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

போன பணத்தின் கணக்கு: பிரைவேட் லிமிடெட் "பிளாட்டினம் பேக்கேஜ்" 25,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 29,500. ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரமும் உத்யம் சிறுதொழில் பதிவும் "எக்ஸ்பிரஸ்" முறையில் எடுக்க 9,900. டன்ஸ் நம்பருக்கு (ஆப் ஸ்டோர்கள் கம்பெனிக் கணக்குக்குக் கேட்கும் அடையாள எண்) 10,000. சீட் கிராண்டுக்கு, அதாவது தொடக்க நிலை மானியத்துக்கு, "ரீஃபண்டபிள் டெபாசிட்" 24,000. மொத்தம் 73,400.

இதில் அரசுக்குப் போவது எவ்வளவு? பெயர் ஒதுக்கீட்டுக்கு 1,000. ஆத்தரைஸ்டு கேபிடல் (கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச மதிப்பு) 15 லட்சம் வரை என்றால் எம்சிஏ-வின், அதாவது மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின், பதிவுக் கட்டணம் பூஜ்யம். 1 லட்சம் கேபிடலுக்கு ஸ்டாம்ப் டியூட்டி சில நூறு ரூபாய். டிஜிட்டல் கையெழுத்து, அதாவது டிஎஸ்சி, டோக்கனோடு ஆளுக்கு ஒன்றரை இரண்டாயிரம். ஃபாரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் சிஏ அல்லது சிஎஸ்-க்கு (கம்பெனி செக்ரட்டரி) ஃபீஸ் தனி, அது நியாயமான செலவு. டிபிஐஐடி என்னும் மத்திய அரசுத் துறை தரும் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் இலவசம். உத்யம் இலவசம். டன்ஸ் நம்பரும் இலவசம், காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக 9,900-உம் 10,000-உம் சேர்த்து 19,900 ரூபாய் வெறும் ஃபாரம் நிரப்பும் கூலி. அந்த ஃபாரங்களையாவது நிரப்பினார்களா என்றால் அதுவும் இல்லை.

நம்பியது எங்கே என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறோம். ஆகஸ்டில் கல்லூரித் தொழில்முனைவோர் செல் கூட்டத்தில் அந்தத் தளத்தின் ஆளை மேடையில் உட்கார வைத்தார்கள். துறைத்தலைவர் பொன்னாடை போர்த்தினார். அந்தப் பொன்னாடைதான் எங்களுக்கு வெரிஃபிகேஷன். கூட்டம் முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து, எம்சிஏ தளத்தில் நாங்கள் வைத்திருந்த பெயரை அடித்துக் காட்டினார். அதே பெயரில் கம்பெனி எதுவும் இல்லை என்று வந்தது. "பாத்தீங்களா தம்பி, உங்க பேரு உங்களுக்காகவே காத்துட்டு இருக்குது. இன்னைக்கே பிளாக் பண்ணிரலாம்." பத்து நிமிடத்தில் 29,500 ஜிபே ஆனது.

அந்தத் தேடல் பக்கம் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது. அதில் பெயர் வராவிட்டால் கிடைத்துவிடும் என்று அர்த்தம் இல்லை. டிரேட்மார்க் பதிவேட்டில் கிளாஸ் 9 (மென்பொருள்), கிளாஸ் 41 (பொழுதுபோக்கு) இரண்டிலும் தனியாகத் தேட வேண்டும். எங்கள் பெயருக்கு நெருக்கமான ஒன்று கிளாஸ் 9-இல் ஏற்கெனவே இருந்தது. கம்பெனி பதிவுக்கான ஸ்பைஸ் பிளஸ் ஃபாரத்தில் பெயர் கேட்கும் பகுதியான பார்ட் ஏ-யில் இரண்டு பெயர் கொடுக்கலாம், இவர் ஒன்றுதான் கொடுத்திருக்கிறார். குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் திருத்தி அனுப்ப 15 நாள், ஒரே ஒரு வாய்ப்பு. அந்த 15 நாளும் எங்களுக்குத் தெரியாமலே கடந்து போயிருக்கிறது. "போர்ட்டல் டவுனுங்க" என்றார், நம்பினோம். அந்தப் போர்ட்டலைப் பயன்படுத்திய யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

ஆஃபீஸ் முகவரிக்கு எங்களில் ஒருவரின் வீட்டு ஈபி பில். பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது என்பது விதி. நம் ஊரில் ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அவர் ஃபைலைத் தூங்கவிட்டதில் முதல் பில் காலாவதி. வீட்டுக்காரரின் என்ஓசி-யையும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

டிஎஸ்சி விஷயம் இதைவிட மோசம். வீடியோ வெரிஃபிகேஷனில் பேசியது நாங்கள், ஓடிபி சொன்னது நாங்கள். யூஎஸ்பி டோக்கன் மட்டும் அவர் ஆஃபீஸுக்குப் போனது, பின் நம்பரும் அவரிடமே. "அடிக்கடி தேவைப்படுங்க, இங்கயே இருக்கட்டும்." பார்க்க பென்டிரைவ் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதுவும் பின்னும் யார் கையில் இருக்கிறதோ, சட்டத்தின் கண்ணில் அவர் போடுவது உங்கள் கையெழுத்து.

அக்டோபர் 9 அன்று கம்பெனி பதிவாகிவிட்டது. சர்டிஃபிகேட் வந்த சந்தோஷத்தில், கம்பெனி என்ன தொழில் செய்யும் என்று சொல்லும் மெமோராண்டத்தை யாரும் படிக்கவில்லை. முழுக்க எங்கள் தப்பு என்று ஒத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

பேங்க்காரர் படித்தார். கம்பெனியின் அடையாள எண்ணான சிஐஎன்-இல் முதல் எழுத்து யூ, அடுத்த ஐந்து இலக்கம் தொழில் குறியீடு. எங்களுடையது 92 என்று தொடங்கியது. என்ஐசி 2008 என்ற தேசியத் தொழில் வகைப்பாட்டுப் பட்டியலில் 92 என்றால் சூதாட்டம், பந்தயம். கேம் உருவாக்கும் கம்பெனிக்கு 62 (புரோகிராமிங்) அல்லது 58 (மென்பொருள் வெளியீடு உட்பட்ட பதிப்புத் துறை) வர வேண்டும். "கேமிங்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு யாரோ ஒரு ஃபேன்டஸி, ரம்மி கம்பெனியின் நோக்கப் பிரிவை அப்படியே காப்பி அடித்திருக்கிறார்கள். டோர்னமெண்ட், நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை எல்லாம் அதில் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்த மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-இல்தான் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். தமிழ்நாட்டுக்கு அதற்கு முன்பே தனிச் சட்டம் உண்டு. அக்டோபரில் இப்படி ஒரு நோக்கப் பிரிவோடு போய் நின்றால் எந்த பேங்க் கரண்ட் அக்கவுண்டைத் திறந்துவிடும்?

இனி சங்கிலியைப் பாருங்கள். அக்கவுண்ட் இல்லை, அதனால் நாலு பேரும் தலைக்கு 25,000 பங்குத்தொகை போட இடம் இல்லை. பங்குத்தொகை போட்டதற்கு ஆதாரம் இல்லாமல், தொழில் தொடங்குவதை அறிவிக்கும் ஐஎன்சி-20ஏ ஃபாரத்தைத் தாக்கல் செய்ய முடியாது. பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் அதைத் தாக்கல் செய்தாக வேண்டும். எங்களுக்கு ஏப்ரல் 7. தவறினால் கம்பெனிக்கு 50,000 அபராதம், பொறுப்பிலுள்ள அதிகாரி ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 1,000 வீதம் 1 லட்சம் வரை. போன 73,400-க்கு மேல் இது வேறு. முதல் ஆடிட்டரை 30 நாளுக்குள் போர்டு நியமிக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லவில்லை. "போஸ்ட் இன்கார்ப்பரேஷன் சப்போர்ட்" பேக்கேஜில் இருக்கிறது என்று பிரோஷரில் பச்சை டிக் போட்டிருக்கிறது.

அதன்பிறகு கேட்கப்போனால் கதைகதையாக வந்தது. நவம்பரில், "ஆடிட்டர் சார் மாலை போட்டிருக்காருங்க, மலைக்குப் போய்ட்டு வந்ததும் முதல் வேலை உங்களுதுதான்." ஜனவரியில் பொங்கல் லீவு. பிப்ரவரியில் "உங்க ஃபைல் பார்த்த மேடம் ரிசைன் பண்ணிட்டாங்க." மார்ச்சில் இயர் எண்டிங். ரிலேஷன்ஷிப் மேனேஜர் நாலு முறை மாறினார், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஃபைலிங்கைச் சரிபார்க்க உதவும் எஸ்ஆர்என் நம்பர் கேட்டால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்ட ஸ்கிரீன்ஷாட் வரும். டிக்கெட் "ரிசால்வ்டு" என்று தானாக மூடிக்கொள்ளும். நேரில் போனால் ரிசப்ஷனில் ஒரு பெண், பாவம், "சார் மீட்டிங்ல இருக்காருங்கண்ணா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல அனுமதி இல்லாதவர். கடைசியில் ரீஃபண்ட் பாலிசியைக் காட்டினார்கள்: முதல் ஃபைலிங் தொடங்கிவிட்டால் கட்டணம் திரும்பாதாம். 24,000-க்கு "ரீஃபண்டபிள்" என்று ரசீதிலேயே போட்டிருக்கிறதே என்றால், "அது கிராண்ட் வந்த பிறகு ரீஃபண்டபிள்."

அந்தக் கிராண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். "20 லட்சம் கன்ஃபார்ம், கமிட்டியில நம்ம ஆளு இருக்காரு" என்றுதான் 24,000 வாங்கினார். மத்திய அரசு 2021-இல் தொடங்கிய சீட் ஃபண்ட் திட்டத்தில் 20 லட்சம் என்பது உச்சவரம்பு. இன்குபேட்டர், அதாவது ஸ்டார்ட்அப்களை வளர்த்துவிடும் மையம், தேர்ந்தெடுத்து, மைல்கல் முடிக்க முடிக்கத் தவணையாகத் தருவது. விண்ணப்பிப்பவரிடம் இன்குபேட்டர் கட்டணம் வாங்கக் கூடாது என்பது திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. டிபிஐஐடி அங்கீகாரம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது, அந்த அங்கீகாரத்தையே இவர் எடுக்கவில்லை. மாற்றாக மத்திய அரசின் "நிதி பிரயாஸ்" திட்டத்துக்குப் போடலாம் என்று ஒரு கட்டத்தில் சொன்னார். அது கையால் தொடக்கூடிய பொருளின் மாதிரி செய்வதற்கு, வெறும் மென்பொருளுக்குக் கிடையாது. மாநில அரசின் டான்சீட் திட்டம் தரும் 10 லட்சத்துக்கு 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்ளும் என்பதை அவர் வாயே திறக்கவில்லை.

பேக்கேஜில் "ஃபவுண்டர்ஸ் அக்ரிமெண்ட்" ஒன்றும் இலவசம். பிற்பாடு ஒரு வக்கீலிடம் காட்டியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கம்பெனி பிறப்பதற்கு முன் எழுதிய புரோகிராமும் வரைந்த படமும் இசையும் அவரவருக்குச் சொந்தம், எழுத்து மூலம் கம்பெனிக்கு மாற்றித் தர வேண்டும். பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957, பிரிவு 19: எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இவர் தந்த டெம்ப்ளேட்டில் இரண்டும் இல்லை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் உலகம் முழுக்க விற்கப்போகும் கேமுக்கு இந்தியாவுக்கு மட்டுமான உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாற்றி எழுதிவிட்டோம். கல்லூரி லேபில் செய்த பகுதிக்குக் கல்லூரி உரிமை கொண்டாடுமா என்பதை உங்கள் கல்லூரியின் ஐபி பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால், டெமோகூட வெளிவராத நிலையில் பிரைவேட் லிமிடெட்டே தேவை இல்லை. ஸ்டீமில் தனிநபர் பெயரிலேயே 100 டாலர் கட்டி ஒரு கேமை வெளியிடலாம், 1,000 டாலர் விற்பனை தாண்டினால் அந்த 100 திரும்ப வரும். கூகுள் பிளேயில் புதுத் தனிநபர் கணக்கு என்றால் 12 டெஸ்டர்கள் 14 நாள் சோதிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் இடைஞ்சல். ஹாஸ்டலில் 12 பேர் கிடைக்காமலா போய்விடுவார்கள்?

செக்லிஸ்ட் என்று மேலே சொன்னோம். உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான்:

டிஎஸ்சி டோக்கனை யாரிடமும் விடாதீர்கள். விட்டாயிற்றா, கொடுத்த நிறுவனத்தில் ரத்து செய்யச் சொல்லிப் புதிது வாங்குங்கள்.

ஃபாரத்தில் போடும் ஈமெயிலும் மொபைலும் உங்களுடையதாக இருக்கட்டும். எங்களுடையதில் அவருடையது. குறை சொல்லி வந்த கடிதமெல்லாம் அவருக்கே போனது அதனால்தான்.

மெமோராண்டத்தின் நோக்கப் பிரிவையும் தொழில் குறியீட்டையும் சமர்ப்பிக்கும் முன் படியுங்கள். பிறகு மாற்ற சிறப்புத் தீர்மானம், அதை 30 நாளுக்குள் தாக்கல் செய்யும் எம்ஜிடி-14 ஃபாரம் என்று இழுக்கும். எல்லாப் பங்குதாரரும் சம்மதித்தால் 21 நாள் நோட்டீஸ் இல்லாமல் கூட்டம் போடலாம், நாங்கள் அப்படித்தான் போட்டோம்.

கிராண்டுக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்பைஸ் பிளஸ் ஃபாரத்தில் கையெழுத்திட்ட சிஏ அல்லது சிஎஸ்ஸின் உறுப்பினர் எண் இருக்கும், அவர் சார்ந்த இன்ஸ்டிடியூட்டில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915, பணம் கட்டிய ஆளின் பெயரிலேயே பதியுங்கள். கம்பெனி பெயரில் போனால் வணிக நோக்கம் என்று தட்டிக்கழிப்பார்கள். 73,400-க்கும் ரசீது, சாட், கால் ரெக்கார்டிங் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ஏப்ரல் 7-க்கு இன்னும் 12 நாள். திருத்திய மெமோராண்டத்தோடு காலையில் வேறு ஒரு பேங்குக்குப் போகிறோம்.