மீன் தொட்டியில் நைட்ரேட்: தண்ணீர் மாற்றுவதா, ரெசினா, மணி பிளான்ட்டா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 120 லிட்டர் பிடிக்கும், நான்கு தங்கமீன்கள். சென்ற ஆண்டு மாசியில் நைட்ரேட் சோதித்தபோது, குப்பியில் நிறம் சிவப்பையும் தாண்டிக் கருஞ்சிவப்பாக நின்றது. வெள்ளைத் தாளின் மேல் வைத்து அட்டையோடு ஒப்பிட்டால் 80க்கும் 160க்கும் நடுவில் (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு). மீன் எதுவும் சாகவில்லை. ஆனால் தீவனம் போட்டால் முன்போல முட்டி மோதிக்கொண்டு வரவில்லை. கண்ணாடியில் பாசி, சுரண்டிய நான்காம் நாளே மறுபடியும் படிந்தது. அங்கிருந்து 20க்கு இறங்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. மூன்று வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன். என் ஓட்டு மணி பிளான்ட்டுக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்பது மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். மீன் கழிவும் மிஞ்சிய தீவனமும் அம்மோனியா ஆகும்; ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். அதோடு அவற்றின் வேலை முடிந்தது. நைட்ரேட்டை நாம்தான் வெளியேற்ற வேண்டும்.

எல்லோரும் முதலில் சொல்வது தண்ணீர் மாற்றம். நானும் அதைத்தான் செய்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொரு முறையும் பாதித் தொட்டி. முதல் இரண்டு வாரம் நன்றாக இறங்கியது. அதற்குப் பிறகு 50க்குக் கீழே போகவே இல்லை. டெஸ்ட் கிட் கெட்டுவிட்டதோ என்று கூட நினைத்தேன். கிட்டில் உள்ள சொட்டு மருந்துகளில் இரண்டாவதன் தூள் பாட்டிலின் அடியில் படிந்துவிடும். பாட்டிலை அரை நிமிடமாவது ஓங்கிக் குலுக்காமல் விட்டால் அளவு தவறாகக் காட்டும். அதையும் சரியாகச் செய்து பார்த்தேன். மாற்றமில்லை. கடைசியில்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: மோட்டார் போட்டு, வீட்டுப் போர் தண்ணீரையே குப்பியில் பிடித்துச் சோதித்தேன். 40.

இந்த ஒப்பீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்த ஓர் எண்தான். என் தொட்டியில் வாரத்துக்கு 10 கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரேட்டே இல்லாத தண்ணீரால் வாரம் பாதித் தொட்டி மாற்றினால், நாளடைவில் மாற்றுவதற்கு முன் 20, மாற்றிய பின் 10 என்று நிலைத்துவிடும். அதே வேலையை 40 உள்ள தண்ணீரால் செய்தால், முன் 60, பின் 50. பாதிக்குப் பதில் முக்கால் தொட்டி மாற்றினாலும் 40க்குக் கீழே இறங்க வழியே இல்லை. முதுகு ஒடிய வாளி சுமந்து, நைட்ரேட்டை ஒரு பக்கம் இறைத்து மறுபக்கம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும்.

வேலூர்ப் பக்கம் தண்ணீர் என்றதும் தோல் ஆலைகளைத்தான் சொல்வோம். பாலாற்றுப் படுகையில் அந்த உப்புக் கழிவு செய்த கேடு உண்மை. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போன வழக்கு அது. ஆனால் நிலத்தடி நீரில் நைட்ரேட் பெரும்பாலும் ஏறுவது கழிவுநீர்த் தொட்டிகளாலும் சாக்கடையாலும் வயலுக்குப் போடும் யூரியாவாலும்தான். ஆலையே இல்லாத தெருவிலும் இது இருக்கலாம். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதி உண்டு. ஆகவே என் போர் தண்ணீர் அந்த வகையில் தேறிவிடும். மீன் தொட்டிக்குத்தான் ஆகாது.

குழாயில் வரும் காவிரிக் குடிநீரை ஊற்றலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்கு வரும் காவிரித் தண்ணீரில் நைட்ரேட் 10க்கும் குறைவு. ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரினைப் போக்கினால் போதும். தினமும் தாராளமாக வரும் வீடுகளுக்கு என் கட்டுரையே தேவையில்லை. வாரம் கால் தொட்டி மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். எங்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கும் குடங்களிலிருந்து வாரம் 60 லிட்டரை மீனுக்கு ஊற்ற மனம் ஒப்பாது. ஆர்.ஓ. தண்ணீரும் அப்படித்தான்: ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகிறது.

அடுத்தது ரெசின். நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்; சிறு பையில் கட்டி ஃபில்டருக்குள் வைப்பது. முதல் வாரம் அசந்துவிட்டேன். 50 இருந்தது 25 ஆயிற்று. மூன்றாம் வாரம் பழையபடி ஏறத் தொடங்கியது. உப்புக் கரைசலில் ஊற வைத்தால் பிடித்திருந்த நைட்ரேட்டை விட்டுவிட்டு குளோரைடை ஏற்றிக்கொண்டு மறுபடி வேலை செய்யும். கல் உப்பில் ஊற வைத்து, அலசி, திரும்ப வைத்தேன். ஒவ்வொரு முறையும் உழைக்கும் நாட்கள் குறைந்தன. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர்; அதில் சல்ஃபேட்டும் குளோரைடும் ஏராளம். நைட்ரேட் உட்கார வேண்டிய இடத்தை அவையும் பிடித்துக்கொள்கின்றன. பாலாற்றுத் தண்ணீரின் பழைய கதை இங்கேதான் என் தொட்டிக்குள் வந்தது. ரெசினை நான் பயன்படுத்தியது மூன்றே மாதம், அதுவும் போர் தண்ணீரில். நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்கு இன்னும் நெடுநாள் உழைக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நைட்ரேட்டுக்கு என்று சொல்லி ஜியோலைட் கல்லைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது அம்மோனியாவைத்தான் பிடிக்கும்.

இனி மணி பிளான்ட். பால்கனிச் செடித்தொட்டியிலிருந்து எட்டுக் கொடிகளை வெட்டி மீன் தொட்டியில் நிறுத்தினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கணுவாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும், இலைகள் எல்லாம் வெளியே இருக்க வேண்டும். முதல் மாதம் எதுவும் நடக்கவில்லை. தங்கமீன்கள் புது வேரை நுனி நுனியாகக் கடித்துத் தின்றன. காய்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடை ஒன்றை விளிம்பில் தொங்கவிட்டு, கொடிகளை அதற்குள் நிறுத்திய பிறகுதான் வேர் பிடித்தது. இரண்டாம் மாத முடிவில் 40. நான்காம் மாதம் 20.

நீருக்குள் வளரும் செடிகளை விட இது ஏன் வேகமாக உறிஞ்சுகிறது என்றால், இலை காற்றில் இருக்கிறது. கரியமில வாயுவுக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. ஜன்னல் வெளிச்சம் கிடைத்தால் போதும், விளக்குச் செலவும் கிடையாது. இப்போது கூடையைத் தூக்கினால் வேர் ஒரு முழ நீளத்துக்குச் சடைசடையாக, நுனி மட்டும் பால்வெள்ளையாகத் தொங்குகிறது. அதில் சிக்கிய பழுப்புக் கழிவை வாளித் தண்ணீரில் அலசிவிட்டு வைப்பேன். அம்மா ஒரு நாள் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “உரமே போடாமல் எப்படிப்பா இவ்வளவு கொழுகொழுவென்று இருக்கிறது?” என்று கேட்டார். உரம் முழுக்க மீன் போடுகிறது என்றேன்.

பராமரிப்பு உண்டு, ஆனால் லேசானது. பழுத்த இலையைத் தண்ணீரில் விழ விடக்கூடாது. அழுகினால் உறிஞ்சியது அத்தனையும் திரும்பத் தொட்டிக்கே வரும். கொடியை அவ்வப்போது வெட்டி வெளியே எடுத்தால்தான் நைட்ரேட் உண்மையிலேயே வீட்டை விட்டுப் போகிறது. அதன் சாறு வாயில் பட்டால் எரியும் என்பதால் குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது 120 லிட்டருக்கு நான்கு மீன், எட்டுக் கொடி என்ற கணக்கில். பத்துத் தங்கமீன் வைத்திருப்பவருக்கு இது மட்டும் போதும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

தீவனத்தையும் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். 40 சதவீதம் புரதம் உள்ள ஒரு கிராம் தீவனம் முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறத்தாழ 280 மில்லிகிராம். என் தொட்டியில் அது இரண்டுக்கும் சற்று மேல். தினம் ஒரு கிராம் என்றால் வாரத்துக்கு 16. மீன் உடம்பில் சேர்வதும் குழாயால் உறிஞ்சி எடுக்கும் கழிவும் போக மீதியைத்தான் நான் 10 என்று வைத்தேன். தீவனத்தை முக்காலாகக் குறைத்ததில் மீனுக்கு ஒரு குறையும் வரவில்லை.

கத்திரி வெயிலில் இன்னொன்று கவனித்தேன். மின்விசிறிக் காற்றுக்குத் தொட்டியில் ஒரு விரற்கடை தண்ணீர் நான்கு நாளில் இறங்கிவிடும். அதுவே ஆறு லிட்டர். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர்தான். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே நிற்கின்றன. அதற்கு மேல் போர் தண்ணீரை நிரப்பினால் இரண்டும் ஏறும். எனவே எங்களால் மீனுக்கு ஒதுக்க முடிகிற ஒரே ஒரு குடம் காவிரித் தண்ணீரை, மாற்றுவதற்கு வைக்காமல், இப்படி இறங்கியதை நிரப்ப மட்டும் வைத்திருக்கிறேன்.

தண்ணீர் மாற்றுவதை நான் விட்டுவிடவில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை, அடியில் தங்கும் கழிவோடு இருபது லிட்டரை உறிஞ்சி எடுத்து மல்லிகைச் செடிக்கு ஊற்றுகிறேன். நைட்ரேட் பல மாதமாக உச்சத்தில் இருந்த தொட்டி என்றால் ஒரே நாளில் முக்கால் தொட்டி மாற்றிவிடாதீர்கள். பழகிய தண்ணீர் திடீரென மாறினால் மீன் தாங்காது. சிறிது சிறிதாக இறக்குங்கள். இந்த ஐப்பசியில் மழை பிடித்தால், முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு, மொட்டை மாடிக் குழாயின் கீழே டிரம் வைத்துப் பிடித்து, போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றிப் பார்க்கப் போகிறேன்.