‘டஃபன்ட் கண்ணாடி, மரைன் பிளைவுட்’ என்று சொல்லி மீன் தொட்டி விற்பவர்களிடம் ஜாக்கிரதை

சென்னையில் பெரிய மீன் தொட்டி வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். தொட்டியையும் ஸ்டாண்டையும் சேர்த்து ‘செட்’டாக விற்கும் ஒரு கடையில் நான் ஏமாந்த கதை இது. கடைப் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, முடியட்டும்.

தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கண்ணாடி ‘டஃபன்ட்’, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துப் பலப்படுத்தியது, அதனால் சாதாரணக் கண்ணாடியைவிட 3,000 ரூபாய் கூடுதல் என்றார் கடைக்காரர். ஸ்டாண்டு ‘மரைன் பிளைவுட்’டாம், தண்ணீரிலேயே கிடந்தாலும் ஒன்றும் ஆகாதாம். மொத்தம் 17,500 ரூபாய். பில்லில் ‘4 அடி டஃபன்ட் செட், ஸ்டாண்டுடன்’ என்று ஒரே வரி. பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது. தேக்கு நிறத்தில் வழவழவென்று சன்மைக்கா, கீழே பொருட்கள் வைக்க இரண்டு கதவு.

மீன் தொட்டி வைத்திருக்கும் வீட்டில் தண்ணீர் சிந்தாமல் இருக்காது. ஃபில்டரைக் கழற்றும்போது நாலு சொட்டு, தண்ணீர் மாற்றும்போது டியூபிலிருந்து கொஞ்சம். வருடம் திரும்புவதற்குள் ஸ்டாண்டின் கீழ் விளிம்பு உப்ப ஆரம்பித்தது. கடைக்கு போன் செய்தேன். “சன்மைக்காவுல பசை விட்டிருக்கும் மேடம், ஃபெவிகால் வெச்சு அழுத்திடுங்க” என்றார். அடுத்த மாதமே ஹாலில் தண்ணீர். தொட்டியின் அடிக்கண்ணாடியில் முன்பக்க இடது மூலையில் ஆரம்பித்து நடு வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அந்த மூலைக்கு நேர் கீழே சன்மைக்கா பிய்ந்திருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன், டீயில் ஊறிய ரஸ்க் போல உள்ளே போனது. மரைன் பிளைவுட்டாவது ஒன்றாவது! மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்யும் பார்ட்டிகல் போர்டு அது.

இந்த அளவுத் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 220 லிட்டருக்குக் குறையாது, அதாவது 220 கிலோ. 8 மில்லிமீட்டர் கண்ணாடியின் எடை 40 கிலோவுக்கு மேல். கூழாங்கல்லையும் சேர்த்தால் 300 கிலோவைத் தொட்டுவிடும். இவ்வளவு பாரத்தைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டில் ஒரு மூலை மட்டும் இறங்கினால் மேல்தளம் முறுக்கிக்கொள்ளும். கண்ணாடி முறுக்கத்துக்கு வளைந்து கொடுக்காது, விரிசல் விட்டுவிடும். தொட்டி உடைந்தால் எல்லோரும் கண்ணாடியைத்தான் குறை சொல்வார்கள். இங்கே முதலில் போனது ஸ்டாண்டு.

கண்ணாடியிலும் பொய் இருந்தது, அதை விரிசலே காட்டிக்கொடுத்தது. டஃபன்ட் கண்ணாடி இப்படிக் கோடு விட்டு நிற்காது. உடைந்தால் மொத்தமாகப் பொலபொலவென்று சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒற்றைக் கோடாக விரிசல் விட்டு மற்ற இடமெல்லாம் முழுசாக இருக்கிறது என்றால் அது சாதாரண ஃப்ளோட் கண்ணாடி. மீன் தொட்டிக்கு ஃப்ளோட் கண்ணாடி போதும், பெரும்பாலான தொட்டிகள் அதில்தான் செய்கிறார்கள். அதை டஃபன்ட் என்று சொல்லி 3,000 ரூபாய் கூட வாங்கியதுதான் மோசடி.

இதைச் சொன்னதும் கடைக்காரரின் பேச்சு மாறியது. “கல்லு ஜாஸ்தி போட்டிருப்பீங்க”, “தரை மட்டமா இருக்காது”, கடைசியில் “வீட்டுல சார் இருந்தா பேசச் சொல்லுங்க மேடம்.” தொட்டி வாங்கியதும் நான், பணம் கொடுத்ததும் நான். எந்த சாரைத் தேடினாரோ தெரியவில்லை.

மீன்களை அதற்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் விட்டாயிற்று. தொட்டி விரிசல் விட்டால் முதலில் பிளக்குகளைப் பிடுங்குங்கள். பிறகு தொட்டித் தண்ணீரையே டியூப் வைத்து டப்புக்கு இறக்கி, மீனை அதில் விடுங்கள். புதுத் தண்ணீர் வேண்டாம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவவோ காயவிடவோ கூடாது, அழுக்கைச் செரிக்கும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. அப்படியே டப்பில் போட்டு ஏர் பம்ப்பை ஓடவிட்டால் போதும். என்னுடையவை இரண்டு ஆஸ்கார் மீன்கள். டப்புக்கு வந்ததும் ஒன்று ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டம்மா செத்தே போய்விட்டது என்று உச்சுக் கொட்டினார். இடம் மாற்றினால் ஆஸ்கார் இப்படிக் கோபித்துக்கொள்ளும், ரெண்டு நாளில் சரியாகிவிடும்.

கடையிலிருந்து ரிப்பேருக்கு ஒரு ஆளை அனுப்பினார்கள். அவர் விரிசலின் மேல் வெளிப்பக்கமாக, தொட்டிக் கண்ணாடிகளை ஒட்டும் பசையான சிலிகானைத் தடவிவிட்டு 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, “நாளைக்கே தண்ணி ஊத்திடலாம்” என்றார். ஊற்றினேன், ஒழுகியது. வெளிப்பக்கம் பூசினால் உள்ளே இருக்கும் தண்ணீர் அதைத் தள்ளிப் பெயர்க்கத்தானே செய்யும்? பழைய சிலிகான் மேல் புது சிலிகான் சரியாக ஒட்டாது என்பதும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். அடிக்கண்ணாடி விரிசல் விட்டால், பழைய சிலிகானைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தக் கண்ணாடியையே மாற்றவேண்டும். குறைந்தது ஒரு வாரம் காயவிட்டு, வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்த்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பாத்ரூமுக்குப் பூசும் பூஞ்சைத் தடுப்பு சிலிகானைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அதிலிருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது.

அடுத்து கடைக்காரர், “போனது போகட்டும் மேடம், ஹெவி இரும்பு ஸ்டாண்டு தர்றேன், 4,500 கொடுங்க” என்றார். வந்து இறங்கியதை ஒரு கையால் தூக்கிவிட்டேன். சாவியால் மூலையில் சுரண்டினால் கறுப்பு பெயின்ட்டுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகப் பட்டி உதிர்ந்தது. பைப்பைச் சுற்றி முழுசாக வெல்டிங் வைக்காமல் அங்கங்கே பொட்டு வைத்து, இடைவெளியைப் பட்டியால் அடைத்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள். குறுக்கே ஒரு சப்போர்ட் கூட இல்லை. வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் எங்கள் தெருமுனை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தேன். ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் பைப், 16 கேஜ் (கேஜ் என்பது தகட்டின் தடிமன், எண் கூடக் கூடத் தகடு மெலிசு). 20 அடி நீளப் பைப் இரண்டு வாங்கினால் இந்த அளவு ஸ்டாண்டுக்குச் சரியாக இருக்கும். நாலு மூலைக்கும் கால், நீளவாக்கில் நடுவிலும் முன்னும் பின்னும் ஒவ்வொரு கால், மேலேயும் கீழேயும் குறுக்குச் சட்டம். செய்து முடித்தால் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு இஞ்ச், 18 கேஜ் பைப்பில் இதையே செய்தால் பாதி எடைதான் வரும், ஆகவே எடை போட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும். பெயின்ட் அடிப்பதற்கு முன் வந்து பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பட்டறைத் தம்பி கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. “வாங்கக்கா, பாத்துட்டு சொல்லுங்க, அப்புறம் பிரைமர் அடிக்கிறேன்” என்றார். மேல் சட்டத்தில் எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூலைக் குறுக்காக இழுத்துக் கட்டிக் காட்டினார். நடுவில் நூலும் நூலும் உரசிக்கொண்டிருந்தால் தளம் முறுக்கில்லாமல் இருக்கிறது, இடையில் சந்து தெரிந்தால் முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் வைத்தபின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, காலுக்கடியில் சின்னத் தகடு கொடுத்து மட்டமாக்கினோம். அதன் மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட், அதற்கும் மேல் தெர்மாகோல் ஷீட், பிறகுதான் தொட்டி.

பிளைவுட் வாங்கும்போது பலகையில் ஐஎஸ் 710 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள், மரைன் பிளைவுட்டுக்கான தர எண் அதுதான். கடையில் ரெடியாக நிற்கும் மர ஸ்டாண்டு என்றால், கதவைத் திறந்து உள்ளே வயர் போவதற்குப் போட்டிருக்கும் ஓட்டையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். வரிவரியாக அடுக்குத் தெரிந்தால் பிளைவுட். பொடிப்பொடியாகத் தெரிந்தால் நடையைக் கட்டுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, கடைக்காரர் ஸ்டாண்டுக்கு மட்டும் காசு தருவதாக இறங்கி வந்திருக்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, 2 வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். பில்லில் அவரே கைப்பட எழுதிய ‘டஃபன்ட்’ என்ற வார்த்தை இருக்கிறது. விரிசல் விட்ட அடிக்கண்ணாடியையும் பழைய துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், உடைந்த கண்ணாடியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.