மலைக்குளிரில் எந்த யோகா? அஷ்டாங்க வின்யாசமும் தேசிகாச்சார் வழியும்

இரண்டும் ஒரே குருவிடமிருந்து வந்தவைதான். கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரில் படித்த பட்டாபி ஜோயிஸ் வளர்த்தெடுத்தது அஷ்டாங்க வின்யாசம். குரு சென்னையில் குடியேறிய பிறகு அவரிடம் கற்ற மகன் தேசிகாச்சார், ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக்கொள்ளும் முறையைப் பரப்பினார். மூச்சு முன்னால் போக வேண்டும், உடம்பு பின்னால் வர வேண்டும் என்பது இருவருக்கும் பொது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு எது சரிப்படும் என்பதுதான் கேள்வி.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் அஷ்டாங்கத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒன்பது எண்ணிக்கையில், அதாவது எண்ணிச் சொல்லும் ஒன்பது அசைவில், சூரிய நமஸ்காரம் ஐந்து சுற்று, பதினேழு எண்ணிக்கையில் இன்னொரு ஐந்து சுற்று. அதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவீர்கள். அப்புறம் மாறாத வரிசையில் ஆசனங்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஐந்து மூச்சு. தொடக்கத்தில் கற்றுத்தரும் இந்த முதல் வரிசையை முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் வியர்வையில் நனைந்த துணி காயாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் மைசூர் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியோ 2,240 மீட்டரில். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. கீழேயிருந்து வந்தவர் மறுநாளே அதே வேகத்தில் குதித்துக் குதித்துச் செய்தால் வாய் திறந்துவிடும். மூக்கால் விட முடியாத மூச்சோடு செய்வது எனக்கு யோகாவாகத் தெரியவில்லை, வெறும் உடற்பயிற்சிதான்.

இந்த இடத்தில் தேசிகாச்சார் வழி ஜெயிக்கிறது. மூச்சு தொடங்கிய பிறகே கை உயர வேண்டும்; கை நின்ற பிறகே மூச்சு முடிய வேண்டும். மூச்சு குறுகினால் அசைவையும் குறைத்துக்கொள்ளலாம், யாரும் எண்ணிக்கை சொல்லி விரட்டுவதில்லை. ஒரே ஆசனத்துக்குள் நாலு, ஆறு தடவை போய் வந்த பிறகுதான் நிற்பது. நேரமும் அரை மணி போதும். குறை என்றால், உடம்பு சூடேற நேரமாகும். குளிர்காலத்தில் ஸ்வெட்டரோடுதான் தொடங்க வேண்டும்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க முதுகில் சுமையோடு முன்னால் சாய்ந்து நிற்பவர்கள் அவர்கள். அஷ்டாங்கத்தின் முதல் வரிசையில் பச்சிமோத்தானாசனம், ஜானு சிரசாசனம், மரீச்யாசனம் என்று முன்பக்கம் குனிவதே அதிகம். குனிந்து களைத்த இடுப்பை மறுபடியும் குனிய வைக்க எனக்கு மனமில்லை. அவர்களுக்கு முதுகைப் பின்பக்கம் வளைக்கும் புஜங்காசனமும் சேதுபந்தமும் மூச்சோடு மெதுவாக ஏறி இறங்கினால் போதும். ஆளைப் பார்த்து ஆசனத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் அதற்கு இடமிருக்கிறது.

இளவயது, மலையிலேயே வளர்ந்த உடம்பு, தோளிலும் மணிக்கட்டிலும் வலி இல்லை என்றால் தாராளமாக அஷ்டாங்கம் பழகுங்கள், ஆரம்பத்தில் பாதி வரிசையோடு. குளிர்காற்று பட்டாலே வீசிங் வருகிறவர்கள் எந்த முறையானாலும் ஜன்னலைச் சாத்திவிட்டு, வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள்.

சுற்றுலா விடுதிகளில் பாட்டுப் போட்டு, ஆசனங்களை நிறுத்தாமல் தொடர்ந்து செய்யவைக்கும் ஃப்ளோ வகுப்பை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். அங்கே தாளம் பாட்டுடையது, உங்கள் மூச்சுடையது அல்ல. சேருமுன், நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.