கணபதிப் பட்டறையில் ஐஸ் ஹாக்கி ஸ்கேட் சாணை

கோவை கணபதிப் பக்கம், பம்ப் உதிரிபாகங்களை லேத்தில் கடையும் பட்டறை ஒன்றில் ஐஸ் ஹாக்கி ஸ்கேட் (பனியில் வழுக்கி ஓடும் காலணி) பிளேடும் சாணை பிடிக்கிறார்கள். வேலை சுத்தம்ங்க. பிளேடின் அடி தட்டையாக இருக்கக்கூடாது. நடுவே குழிந்து, இரு ஓரமும் கூராக நிற்க வேண்டும். அந்தக் குழிவின் வளைவுக்கு 1/2 அங்குல ஆரம் கேட்டால், முதலில் சாணைச் சக்கரத்தையே வைரமுனையால் அந்த வளைவுக்குச் சீவிக்கொள்கிறார்கள். எடை குறைந்த பசங்களுக்கு 3/8 அங்குலம் கேளுங்க. குழி ஆழமாகி பனியில் பிடிப்பு கூடும், வழுக்கும் வேகம்தான் கொஞ்சம் குறையும்.

சாணை முடிந்து திரும்ப வாங்கும்போது ஒரு நாணயத்தைப் பிளேடின் குறுக்கே வைத்துப் பாருங்க. சாய்ந்தால் ஓரங்கள் சமமில்லை. திருப்பத்தில் கால் வாரிவிடும்.

ஒரு குறை: சாணையால் ஓரத்தில் நிற்கும் பிசிறை எண்ணெய்க்கல்லால் எடுக்காமலே கையில் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டு வாங்கணும். சர்வதேச இளையோர் போட்டிக்குக் கிளம்புகிறவர்கள் கடைசி நாளில் கொடுக்க வேண்டாம், புது ஓரத்தில் ஒரு பயிற்சியாவது ஆடியிருக்கணும். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறை போட்டால் துருதான்.