கேம் விளையாடக் கொதிக்கும் லப்டொப்: கூலிங் பாட் வாங்குவதா, கழற்றித் துடைப்பதா?

போன சித்திரையில் ஒரு பின்னேரம் அக்காவின் மகன் தன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கோண்டாவிலில் இருந்து வந்தான். "மாமா, பத்து நிமிசம் வடிவா ஓடுது. பிறகு இழுத்து இழுத்து நிக்குது. கூலிங் பாட் ஒண்டு வாங்கித் தாங்கோ" என்றான். போட்டுக் காட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பவர் பட்டனை ஒட்டிய இடத்தில் விரல் வைக்க முடியவில்லை.

உள்ளே இருக்கும் புரோசசர் இன்டெல் கோர் ஐ5-9300எச். அதன் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், தேவை வந்தால் 4.1 வரை தாவும். வெப்பம் 100 பாகை செல்சியஸை நெருங்கினால் எரிந்துபோகாமல் இருக்க வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அவன் 'இழுக்குது' என்றது இதைத்தான். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட விட்டுப் பார்த்தோம். கேம் தொடங்கி ஏழாவது நிமிடம் 99 பாகை. அதோடு வேகம் விழுந்தது, ஏறியது, மறுபடி விழுந்தது.

கூலிங் பாட் ஏன் எனக்கு இரண்டாம் பட்சம் என்று சொல்லிவிடுகிறேன். அது தட்டில் பூட்டிய ஃபான். காற்றைத் தள்ளும், குளிராக்காது. இங்கே யாழ்ப்பாணத்தில் சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சீற் கூரைக்குக் கீழே பின்னேரம் மூன்று மணிக்கு நாங்களே வெந்துகொண்டு இருப்போம். அந்த அறையின் வெக்கைக் காற்றைத்தான் பாட்டும் எடுத்து ஊதும். எத்தனை ஃபான் பூட்டினாலும் லப்டொப் அறையின் சூட்டுக்குக் கீழே இறங்காது. பாட்டால் வரும் நன்மையில் பெரிய பங்கு லப்டொப்பை மேசையில் இருந்து உயர்த்தி வைப்பதால் வருவது. அதற்குப் பின்பக்க மூலை இரண்டுக்கும் கீழே ஒவ்வொரு அழிறப்பர் வைத்தால் போதும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து விளையாடுகிற பிள்ளைக்குப் பாட் வாங்கிக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது, அடிக் காற்றுத் துளைகளாவது அடைபடாது.

"முதல்ல பின்மூடியைக் கழட்டிப் பார்ப்பம்" என்றேன். பட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ஃபானைத் தூக்கினோம். ஃபானுக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில், காற்று வெளியேற வேண்டிய வாயில், கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம். சுரண்டினேன், ஒரே துண்டாகக் கழன்று வந்தது. நிறம் சாம்பல் இல்லை, செங்கல் நிறம். கோண்டாவில் செம்மண். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் தோட்டத்துப் புழுதி யன்னலால் வந்து மேசையில் படிவதை எல்லோரும் பார்க்கிறோம், அதே புழுதி ஃபான் வழியாக உள்ளேயும் போய்க் குந்திவிடுகிறது. வெளியில் இருந்து பாட் எவ்வளவு ஊதினாலும் இந்தச் சுவரைத் தாண்டிக் காற்றுப் போகாது. பாட்டா சுத்தமா என்ற கேள்வி எனக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

சுத்தம் செய்வதிலும் வழி பல. சிலர் டயருக்குக் காற்றடிக்கும் கடைக்குக் கொண்டுபோய் அந்தக் குழாயாலேயே அடிப்பிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த அமுக்கம் ஃபான் இதழை உடைக்கும். எங்கள் ஈரக் காற்றில் கொம்பிரசர் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கும், அதுவும் சேர்ந்து போர்டில் தெறிக்கும். புதுப் பெயின்ற் பிரஷ் ஒன்றும் பொறுமையும் இருந்தால் வேலை முடிந்துவிடும். டப்பாவில் அடைத்து விற்கும் காற்றை அடிப்பதென்றால் ஃபானை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுழல விட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி அச்சுக் கெடும்.

திறந்த கையோடு, புரோசசரின் சூட்டைச் செப்புக்குக் கடத்தும் தேர்மல் பேஸ்டையும் மாற்றினோம். புரோசசருக்கும் செப்புக்கும் நடுவே பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காக உதிர்ந்தது. ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடைத்து, புதியதை மெல்லியதாகப் பூசி, ஆணிகளைத் தட்டில் எழுதியிருக்கும் இலக்க வரிசைப்படி இறுக்கினோம். அந்த வரிசை முக்கியம், தகடு ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் பூசியதில் பலன் இல்லை. பேஸ்டுக்குப் பதிலாகப் பூசும் திரவ உலோகம், லிக்விட் மெற்றல்தான் ஆகச் சிறந்தது என்று யாராவது சொன்னால் லப்டொப்பில் பழக வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி சிந்தினால் போர்ட் போகும். அதிலுள்ள காலியம் என்ற உலோகம் அலுமினியத்தையும் தின்றுவிடும்.

வீட்டில் கழற்றப் பயமாக இருந்தால் கடைக்குக் கொடுக்கலாம், உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் கட்டாயம் விசாரித்துவிட்டே கைவைக்க வேண்டும். ஆனால் கடைக்குக் கொடுத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். முன்பு நான் ஒரு கடையில் விட்டுவிட்டு வந்தேன். மேலால் மட்டும் காற்றடித்துத் திருப்பித் தந்தார்கள், அடிமூடியில் ஒரு ஆணியும் குறைந்திருந்தது.

சரி, சுத்தம் செய்து பேஸ்டும் போட்ட பிறகு அதே கேம், அதே அறை: 88, 89. நல்ல இறக்கம். ஆனாலும் ஃபான் இரைச்சல் குறையவில்லை. அடுத்து நாங்கள் செய்ததற்கு ஒரு சதமும் செலவில்லை, இந்த அலசலில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

அவனுடைய திரை 60 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 60 படத்துக்கு மேல் அதால் காட்ட முடியாது. கேமோ கட்டுப்பாடு இல்லாமல் 120, 130 என்று வரைந்து தள்ளியது. ஆள் தேர்வு செய்யும் மெனுவில் நிற்கும்போதே ஃபான் இரைவதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் இதுதான். கேமின் அமைப்புக்குள் போய் ஃபிரேம் எல்லையை, அதாவது விநாடிக்கு வரையும் படங்களின் எல்லையை, 60 என்று வைத்தோம். கண்ணுக்குக் கிட்டத்தட்ட அதே படம், படத்தை வரையும் கிராபிக்ஸ் காட்டுக்குப் பாதி வேலை. போட்டிக்கு விளையாடுகிறவர்கள் கூடிய ஃபிரேமில் கை சுணக்கம் குறையும் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் சூட்டில் இழுத்து நிற்பதைவிடச் சீரான 60 நல்லது.

இன்னொன்று டேர்போ வேகம், முன்னே சொன்ன அந்த 4.1 வரையான தாவல். விண்டோஸின் பவர் அமைப்பில் புரோசசரின் உச்ச நிலை 100 வீதம் என்று இருக்கும். அதை 99 ஆக்கினால் இந்த மாதிரி இன்டெல் லப்டொப்களில் டேர்போ நின்றுவிடும், 4.1க்குத் தாவாமல் 2.4 பக்கத்திலேயே ஓடும். சூடு சட்டென்று இறங்கும். ஆனால் புரோசசரை அதிகம் நம்பும் கேம்களில் வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியும். ஃபிரேம் எல்லை தேவையற்ற வேலையை வெட்டுகிறது, இது தேவையானதையும் சேர்த்து வெட்டுகிறது. அதனால் எனக்கு இது மதிய வெயிலுக்கான அவசர வழி மட்டும்.

இரண்டையும்விட நுட்பமானது அண்டர்வோல்ட். வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைப்பது. செலவாகும் மின்சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவதால் சிறு குறைப்புக்கும் நல்ல பலன் உண்டு. ஆனால் 2019 டிசம்பரில் மின்னழுத்தத்தை மாற்றியே தாக்க வழிவிடும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியில் வந்த பிறகு பல இன்டெல் லப்டொப்களில் பயோஸ் (லப்டொப்பைத் தொடக்கிவிடும் அடிப்படை மென்பொருள்) மூலம் இதைப் பூட்டிவிட்டார்கள். அவனுடையதும் பூட்டு. கிராபிக்ஸ் காட் பக்கம் எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருள் கொண்டு செய்யலாம். படிப்படியாகக் குறைத்து ஒவ்வொரு முறையும் அரைமணி விளையாடிப் பார்க்கும் பொறுமை வேண்டும், அளவு மீறினால் கேம் உடைந்து வெளியில் வரும்.

மேசைக் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு நில ஃபானைத் திருப்பி வைப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சூடு இறங்கும். ஒரு சோளகம் போனால் உள்ளே ஒரு தோட்டமே செய்யலாம். தகட்டை மூடி, முன்னால் வலை போட்ட ஃபான் ஒன்றும் பின்னால் வெளியேற்றும் ஃபான் ஒன்றும் பூட்டுவது நிரந்தர வழி. கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் அவசியம், உப்புக் காற்று உள்ளே ஆணிகளை வைத்திருக்காது.

ஏசி அறை? அது ஒன்றுதான் உள்ளே போகும் காற்றையே குளிராக்குவது. அறை எட்டுப் பாகை இறங்கினால் புரோசசரும் ஏறத்தாழ அவ்வளவு இறங்கும். படிக்கவோ படுக்கவோ ஏற்கெனவே ஏசி போடும் வீடு என்றால் லப்டொப்பை அந்த அறைக்குள் கொண்டுபோங்கள். கேமுக்காக மட்டும் ஏசி பூட்டுவதை நான் சொல்லமாட்டேன், கரண்ட் பில் வரும்போது அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஃபிரேம் எல்லையும் போட்ட பிறகு அவனுடைய லப்டொப் 80க்குச் சற்று மேலே நிற்கிறது. கூலிங் பாட்டுக்கு வைத்திருந்த காசில் மிஞ்சியதற்கு ஒரு மவுஸ் வாங்கினான். புரட்டாதியில் சோளகம் அடங்கியதும் அந்தப் பின்மூடியை மறுபடி கழற்றுவதாகப் பேசி வைத்திருக்கிறோம். இந்த முறை ஸ்குரூ டிறைவர் அவன் கையில்.